அணைக் காவல்

மழைக்காலத்து நள்ளிரவு. வானம் இடைவிடாது பொழிந்துகொண்டிருக்கிறது. ஊர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே நீர் இரைந்தோடுகிறது. அவ்வேளையில் ஊர்ப் பெரியவர்கள் வீட்டில் உறங்கியிருப்பதில்லை. கையில் விளக்கும் மண்வெட்டியும் கொண்டு, கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்ப்பர். கரையின் வெளிப்புறத்தில் எங்கேனும் ஈரம் கசிகின்றதா, நண்டு வளை வழியாகவோ எலி வளை வழியாகவோ நீர் ஒழுகுகின்றதா, மதகுச் சுவரின் அருகே மண் உள்வாங்கியுள்ளதா என்று உற்று நோக்குவர். கசிகின்ற நீர் தெளிந்திருந்தால் அச்சம் குறைவு. அது மண் கலந்து சிவந்திருந்தால், கரை உள்ளிருந்தே கரைகின்றது என்பது பொருள். உடனே மண்ணும் மணல் மூட்டைகளும் கொணர்ந்து அடைக்க முற்படுவர்.

ஏரியைக் கட்டுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அதனை நாள்தோறும் காத்தல் வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சில அடி உயரமுள்ள ஊர் ஏரிக்கே இத்துணைக் காவல் வேண்டுமெனின், பெருநகர் ஒன்றின் தலைமாட்டில் பல மைல் நீளத்திற்குக் கிடக்கும் பேரணைக்கு எத்துணைக் காவல் வேண்டும்! அத்தகைய அணைகள் இரண்டின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

வெறுமையே பயனாகும் அணை

அணை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது கடல்போல் நீர் பரந்து கிடக்கும் நீர்த்தேக்கமே. பாசனத்திற்கும் குடிநீருக்கும் மின்னாக்கத்திற்கும் நீரைச் சேமித்து வைக்கும் அணைகளே நமக்குப் பழக்கமானவை. இவை நெற்குதிர் போன்றவை, நிறைந்திருந்தால்தான் பயன்.

வெள்ளத் தடுப்பு அணை என்பது வேறொரு வகை. மழை பெருகும்போது ஆற்றில் வரும் வெள்ளத்தை அது தற்காலிகமாகத் தடுத்து நிறுத்தும். பின்னர், கீழேயுள்ள ஊர்களுக்குத் தீங்கு நேராதவாறு சிறிது சிறிதாக வெளியே விடும். வெள்ளம் வடிந்த பின் அணையின் உட்புறம் வெறும் நிலமாகவே கிடக்கும். ஒழுகுகின்ற கூரையின் கீழ் வைத்த பாத்திரத்திற்கு இதனை ஒப்பிடலாம். பாத்திரம் வெறுமையாக இருந்தால்தான் அடுத்த மழைக்கு உதவும்.

இத்தகைய அணைக்கு இயல்பாகவே ஓர் இடர்ப்பாடு உண்டு. நீர் நிறைந்த ஏரியைக் கண்டவர் அதன் கரையை மறப்பதில்லை. ஆனால், ஆண்டின் பெரும்பகுதியும் புல் முளைத்து உலர்ந்து கிடக்கும் அணையை மக்கள் எளிதில் மறந்துவிடுவர். அதனை ஒரு மண்மேடு என்றே எண்ணி, அதன் அருகிலும் அடியிலும் வீடு கட்டிக்கொள்வர். இம்மறதியால் விளையும் துன்பம் எத்தகையது என்பதை ஹூஸ்டன் நகரத்து மக்கள் அனுபவித்து அறிந்தனர்.

ஹூஸ்டன் மாநகர்

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் தென்பகுதியில் டெக்சாஸ் என்னும் மாநிலம் உளது. அம்மாநிலத்தில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறத்தாழ 50 மைல் தொலைவில் அமைந்துள்ள பெருநகரமே ஹூஸ்டன். அந்நகரம் 1836-ஆம் ஆண்டில், பஃபலோ பேயூ என்னும் சிற்றாற்றின் கரையில் தோன்றியது. மெல்ல நகர்ந்து செல்லும் சமவெளி ஓடைகளை அப்பகுதி மக்கள் 'பேயூ' என்று வழங்குவர். நிலம் தட்டுப்போல் சமமாக இருத்தலின், பெய்த மழை விரைந்து கடலை அடைவதில்லை. மேற்பரப்பிலோ களிமண் மிகுதி. அது நீரை எளிதில் உறிஞ்சுவதில்லை. ஆதலின் பெருமழை பெய்யும்போதெல்லாம் ஓடைகள் கரைபுரண்டு நகரத்துள் புகுதல் வழக்கமாயிற்று.

1929-ஆம் ஆண்டிலும், பின்னர் 1935-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களிலும் பெருவெள்ளம் நகரத்தைச் சூழ்ந்தது. இரண்டாம் வெள்ளத்தில் கடைவீதிகள் நீரில் மூழ்கின, உயிர்களும் பறிபோயின, நகரத்தின் செல்வத்திற்கு அடிப்படையாய் விளங்கிய துறைமுகம் செயலிழந்தது. 'இனியும் இவ்வாறு இருத்தலாகாது' என்று மக்கள் துணிந்தனர். 1937-ஆம் ஆண்டில் வெள்ளத் தடுப்பிற்கென்றே ஒரு தனி அமைப்பு அம்மாவட்டத்தில் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, அமெரிக்க நாட்டின் சட்டமன்றமாகிய காங்கிரசு, நகரத்தின் மேற்கே வெள்ளத் தடுப்பு அணைகள் கட்டுதற்கு ஒப்புதல் அளித்தது. அந்நாட்டுத் தரைப்படையின் பொறியாளர் பிரிவு அப்பணியை மேற்கொண்டது.

இரு மண்ணணைகள்

நகரத்தின் நடுவிடத்திலிருந்து ஏறத்தாழ 17 மைல் மேற்கே இரண்டு அணைகள் எழுந்தன. பார்க்கர் அணை 1945-ஆம் ஆண்டிலும், ஆடிக்ஸ் அணை 1948-ஆம் ஆண்டிலும் நிறைவெய்தின. இரண்டும் மண்ணால் ஆகியவை. உயரம் 50 அடிக்கும் குறைவே, நீளமோ பெரிது. ஆடிக்ஸ் அணை 11 மைலுக்கு மேலும், பார்க்கர் அணை 13 மைலுக்கு மேலும் நீண்டு கிடக்கின்றன. மலைகளுக்கிடையே சுவர் எழுப்பி ஆற்றை மறிக்கும் அணைகள் போன்றவை அல்ல இவை. சமவெளியில் மூன்று புறமும் வளைந்து செல்லும் ஏரிக்கரையையே இவை பெரிதும் ஒத்திருக்கின்றன.

ஒவ்வோர் அணையிலும் நீரை வெளியேற்ற ஐந்து மதகுக் கண்கள் அமைக்கப்பட்டன. தொடக்கத்தில் அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே கதவு இருந்தது; மற்ற நான்கும் திறந்தே கிடந்தன. வெள்ளம் வருங்கால் அக்கண்களின் அளவுக்கு ஏற்ப நீர் தானாகவே வெளியேறும். மிகுந்தது உள்ளே தங்கும். மனிதர் கைவைக்க வேண்டியது சிறிதே. அக்காலத்தில் அணைக்குக் கீழே நகரம் வரையில் பெரும்பாலும் வயலும் புல்வெளியுமே இருந்தமையால், இவ்வேற்பாடு போதியதாக இருந்தது.

முதலில் வகுத்த திட்டத்தில் மூன்றாவதாக ஒரு நீர்த்தேக்கமும், வடக்கேயுள்ள ஓடையின் வெள்ளத்தைத் தடுக்க ஒரு கரையும், மிகுந்த நீரைக் கொண்டு செல்லக் கால்வாய்களும் இடம்பெற்றிருந்தன. அவை நிறைவேறவில்லை. மூவர் சுமக்க வேண்டிய பாரம் இருவர் தோளில் ஏறியது.

மற்றொரு குறையும் அன்றே நேர்ந்தது. அணை முழுவதும் நிரம்பினால் எவ்வளவு நிலம் நீரில் மூழ்குமோ, அவ்வளவு நிலத்தையும் அரசு விலைகொடுத்து வாங்கவில்லை. வழக்கமான வெள்ளத்திற்குப் போதும் என்று கருதிய அளவே வாங்கியது. எஞ்சிய பகுதி தனியார் நிலமாகவே நின்றது. அன்று அந்நிலத்தில் நெல் விளைந்தது; மாடுகள் மேய்ந்தன. வயலில் சில நாள் நீர் தேங்குவதால் பெருங்கேடு என்ன வந்துவிடும் என்று எண்ணினர் போலும்!

நகரம் வளர்ந்தது

ஆண்டுகள் கடந்தன. எண்ணெய்த் தொழிலாலும் துறைமுக வாணிகத்தாலும் ஹூஸ்டன் விரைந்து வளர்ந்தது. நகரம் மேற்கு நோக்கிப் படர்ந்து முதலில் அணைகளை அணுகியது. பின்னர் அவற்றைச் சூழ்ந்தது. இறுதியில் அவற்றைக் கடந்தும் சென்றது. அணைக்குக் கீழே ஓடைக்கரையெங்கும் வீடுகள் எழுந்தன. திறந்து கிடந்த மதகுக் கண்களால் அவ்வீடுகளுக்குத் தீங்கு நேரும் என்பது தெளிவாயிற்று. ஆகவே அக்கண்களுக்கும் கதவுகள் பொருத்தப்பட்டன. 1963-ஆம் ஆண்டில் எல்லாக் கண்களும் கதவு பெற்றன. சாதாரணக் காலத்தில் இரு அணைகளும் சேர்ந்து நொடிக்கு 2,000 கன அடிக்கு மேல் நீர் விடலாகாது என்ற வரம்பும் ஏற்பட்டது. தானே இயங்கிய அணை இவ்வாறு மனிதரின் ஆணைக்குக் காத்திருக்கும் அணையாயிற்று. கதவை மூடுவதால் கீழேயுள்ளோர் காக்கப்பட்டனர். ஆனால், உள்ளே நீர் தேங்கும் காலமும் அளவும் மிகுந்தன.

அதே வேளையில், அணைக்கு உட்புறமாக அரசு வாங்காது விட்ட நிலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் தோன்றின. நிலத்தை விற்றவர் தடையின்றி விற்றனர். வாங்கியவர் கவலையின்றி வாங்கினர். அணைக்குள் பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் அமைந்திருந்தமையால், அங்கே சென்று உலவியோர் தாம் ஒரு நீர்த்தேக்கத்தின் அடித்தளத்தில் நிற்கின்றோம் என்று எண்ணியதில்லை. பார்க்கர் அணையை ஒட்டிய ஒரு மாவட்டத்தில், சில மனைப்பிரிவு வரைபடங்களில் 'இவ்விடம் அணை நீரில் நெடுநாள் மூழ்கக்கூடும்' என்னும் கருத்தமைந்த குறிப்பு 1990-களில் பொறிக்கப்பட்டது. வீடு வாங்குவோருள் எத்தனை பேர் வரைபடத்தின் சிற்றெழுத்துகளைப் படிக்கின்றனர்?

இடர் வகுப்பு என்பது யாது?

அணைகளை ஆராயும் வல்லுநர்கள் ஒவ்வோர் அணைக்கும் ஓர் 'இடர் வகுப்பு' அளிப்பர். அமெரிக்க நாட்டில் மூன்று வகுப்புகள் வழக்கில் உள்ளன. அணை உடைந்தால் உயிர்ச்சேதம் நேராது, பொருட்சேதமும் சிறிதே எனின் அது 'குறைந்த இடர்' வகுப்பைச் சேர்ந்தது. உயிர்ச்சேதம் நேராது, ஆனால் சாலை, தொழிற்சாலை, பயிர் முதலியவற்றிற்குப் பெருங்கேடு விளையும் எனின் 'குறிப்பிடத்தக்க இடர்' வகுப்பு. ஓர் உயிரேனும் போகக்கூடும் எனின் 'மிகு இடர்' வகுப்பு.

இங்கே மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று உளது. இவ்வகுப்பு அணையின் வலிமையைக் கூறுவதன்று. 'மிகு இடர்' என்றால் அணை பழுதடைந்துள்ளது என்று பொருளன்று; 'குறைந்த இடர்' என்றால் அணை உறுதியாக உள்ளது என்றும் பொருளன்று. அணை உடைந்தால் யாருக்கு என்ன நேரும் என்பதை மட்டுமே அது கூறுகின்றது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். மலைச்சரிவில் ஒரே அளவுடைய இரண்டு பாறைகள் நிற்கின்றன. ஒன்றின் கீழே முட்புதர். மற்றொன்றின் கீழே ஒரு பள்ளிக்கூடம். இரு பாறைகளும் ஒரே வகையில் நின்றாலும் இரண்டாவதற்கே முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று எவரும் கூறுவர். இனி, முதற் பாறையின் கீழிருந்த முட்புதரை அழித்து யாரோ ஒருவர் வீடு கட்டிக் குடியேறுகின்றார் என்று கொள்வோம். பாறை அசையவில்லை, தேயவுமில்லை. எனினும் அதன் இடர் வகுப்பு அன்றே மாறிவிட்டது! அணைகளின் நிலையும் இதுவே. ஆடிக்ஸ், பார்க்கர் அணைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால், அவற்றைச் சூழ்ந்த நெல்வயல் நகரமாயிற்று. நகரம் வளர வளர, அணை உடைந்தால் நேரக்கூடிய கேடும் உடன் வளர்ந்தது. இன்று அவை இரண்டும் 'மிகு இடர்' வகுப்பில் உள்ளன.

மண்ணணையின் முதுமை

அணையைச் சுற்றியுள்ள நிலம் மாறுவது ஒருபுறமிருக்க, அணையின் உடலும் முதுமை அடைகின்றது. மண்ணணைக்கு நேரும் நோய்கள் பல. அவற்றுள் கொடியது உள்ளரிப்பு. எந்த மண்ணணையிலும் சிறிதளவு நீர் ஊடுருவவே செய்யும். அந்நீர் மெதுவாகச் செல்லும் வரை தீங்கில்லை. அது எங்கேனும் விரைவு பெற்று மண்துகள்களைத் தன்னுடன் இழுத்துச் செல்லத் தொடங்கினால், உள்ளே ஊசித்துளை போன்ற ஒரு வழி உண்டாகும். அவ்வழி அகல அகல நீரின் விரைவும் மிகும். விரைவு மிக மிக வழியும் அகலும். முடிவில் கரை உள்நோக்கிச் சரிந்துவிடும். மண்ணும் காங்கிரீட்டும் சேருமிடங்களில், சிறப்பாக மதகுக் குழாய்களை ஒட்டி, இந்நோய் எளிதில் தோன்றும். குழாய்க்கும் அதனைச் சூழ்ந்த மண்ணுக்கும் இடையே ஏற்படும் சிறு வெற்றிடமே நீருக்கு வாயிலாகிவிடும்.

இந்நோய் எத்துணை விரைவில் அணையைக் கொல்லும் என்பதற்கு, இடாகோ மாநிலத்து டீட்டன் அணை சான்றாகும். 300 அடிக்கு மேல் உயர்ந்த அப்புதிய மண்ணணை முதன்முறையாக நிரம்பிக்கொண்டிருந்த காலம் அது. 1976-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் காலையில் அதன் சரிவில் கலங்கிய நீர் கசிவதைப் பணியாளர் கண்டனர். மண் தள்ளும் பொறிகளைக் கொண்டு துளையை அடைக்க முயன்றனர். அப்பொறிகளையே துளை விழுங்கிவிட்டது. நண்பகலுக்குள் அணை உடைந்தது. 11 பேர் உயிரிழந்தனர். புதிய அணைக்கே இந்நிலை எனின், முதிய அணைகளை எத்துணை விழிப்போடு நோக்க வேண்டும்!

அணைகளை முறையாக ஆராய வேண்டும் என்னும் சட்டம் அந்நாட்டில் எளிதாக வந்துவிடவில்லை. 1972-ஆம் ஆண்டில் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிக் கழிவால் ஆகிய ஓர் அணை உடைந்து 125 பேர் மாண்டனர். அவ்வாண்டிலேயே தேசிய அணை ஆய்வுச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் 1977-ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்தில் கெல்லி பார்ன்ஸ் அணை உடைந்து 39 உயிர்களைக் கொண்ட பின்னரே, அவ்வாய்வு முழுவீச்சில் நடைபெற்றது. இன்று அந்நாட்டின் அணைப் பட்டியலில் 90,000-க்கு மேற்பட்ட அணைகள் உள்ளன. அவற்றின் சராசரி வயது 60-ஐக் கடந்துவிட்டது.

மருத்துவரின் தீர்ப்பு

ஹூஸ்டன் அணைகளிலும் முதுமையின் குறிகள் தோன்றின. கரையின் அடியில் நீர் ஊடுருவுவது கண்டு, 1970-களின் பிற்பகுதியில் கரையினூடே ஆழமான அகழி தோண்டி, நீர்புகாக் களிமண் கலவையால் ஒரு மறைசுவர் எழுப்பினர். 1980-களில் கரையின் உயரத்தைக் கூட்டினர். அணைகளின் இரு முனைகளிலும் நிலம் கரையைவிடத் தாழ்ந்திருந்தமையால், மிகுந்த வெள்ளம் அவ்வழியே சுற்றி வெளியேறக்கூடும். எனவே அம்முனைகள் அரிக்கப்படாதவாறு காங்கிரீட் போர்த்தினர்.

அணையின் நிலைமை ஒன்று; அது உடைந்தால் நேரும் கேடு மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்து எடைபோட்டு, எந்த அணைக்கு முதலில் பரிகாரம் தேட வேண்டும் என்று வரிசைப்படுத்தும் முறை ஒன்றை, தரைப்படையின் பொறியாளர் பிரிவு பிற்காலத்தில் வகுத்தது. அதில் ஐந்து படிகள் உண்டு. ஐந்தாம் படி இயல்பான நிலை. முதற்படி சற்றும் தாமதிக்கலாகாத அவசர நிலை. பல நோயாளிகள் ஒருங்கே வந்தால், மருத்துவர் எவரை முதலில் கவனிப்பது என்று முடிவு செய்வதைப் போன்றது இது. 2009-ஆம் ஆண்டில் ஆடிக்ஸ், பார்க்கர் அணைகள் இரண்டும் முதற்படியில் வைக்கப்பட்டன. மதகுக் குழாய்களைச் சுற்றிலும் காணப்பட்ட வெற்றிடங்களும் கசிவுமே உடலின் நோய். கீழே பரந்து கிடந்த மாநகரமே அந்நோய்க்கு அத்துணை முதன்மை அளித்தது.

இவ்வறிவிப்பால் அணைகள் நாளையே உடையும் என்று பொருள் கொள்ளலாகாது. எங்கே அபாயம் மிகுதியோ அங்கே முதலில் பணம் செலவிடுக, கண்காணிப்பை மிகுதியாக்குக என்பதே அதன் பொருள். அவ்வாறே வெற்றிடங்கள் அடைக்கப்பட்டன. நீர் குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டினால், இரவும் பகலும் ஆட்கள் கரைமீது காவல் செய்யும் ஏற்பாடு வந்தது. பழைய மதகுகளுக்கு மாற்றாகப் புதிய மதகுகள் கட்டும் வேலையும் தொடங்கியது. அவ்வேலை முடிவதற்குள் பெருஞ்சோதனை வந்தது.

ஹார்வி புயல்

2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் இரவில் ஹார்வி என்னும் கடும்புயல் டெக்சாஸ் கடற்கரையைத் தாக்கியது. கரை கடந்த புயல் விரைந்து அகலாமல், அப்பகுதியிலேயே நாட்கணக்கில் சுழன்று நின்றது. ஹூஸ்டனின் பல பகுதிகளில் சில நாட்களில் 30 அங்குலத்திற்கு மேல் மழை கொட்டியது. அம்மாநிலத்தில் ஓரிடத்தில் பதிவான அளவு 60 அங்குலத்தையும் தாண்டியது. சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையே ஏறத்தாழ 55 அங்குலம் என்பதை எண்ணினால், அம்மழையின் கடுமை விளங்கும்.

அணைகளின் கதவுகள் மூடப்பட்டிருந்தன. உள்ளே நீர் மணிக்கு மணி உயர்ந்தது. அரசுக்குரிய நிலத்தின் எல்லையைக் கடந்து, உட்புறத்து வீடுகளுள் நீர் புகத் தொடங்கியது. அதிகாரிகள் இருதலைக் கொள்ளி எறும்பு போலாயினர். கதவை மூடியே வைத்தால் உள்ளேயுள்ள வீடுகள் மேலும் மூழ்கும். முனைகளின் வழியே கட்டுக்கடங்காத வெள்ளமும் புறப்படும். கதவைத் திறந்தாலோ, முன்னரே மழைநீரால் சூழப்பட்டிருந்த கீழ்ப்புறத்து வீடுகள் மூழ்கும். எவ்வழியிலும் துன்பம் உறுதி. அதன் அளவே தெரிந்தெடுப்பதற்குரியதாக இருந்தது.

ஆகஸ்டு 28-ஆம் நாள், நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் கதவுகள் திறக்கப்பட்டன. நொடிக்கு 2,000 கன அடி என்ற பழைய வரம்பு கைவிடப்பட்டது. வெளியேற்றம் படிப்படியாகப் பெருகி ஏறத்தாழ 13,000 கன அடியை எட்டியது. அவ்வாறு விட்டும் நீர்மட்டம் உயர்ந்துகொண்டே சென்றது. மறுநாள், அணை கட்டிய நாள்முதல் நிகழாத ஒன்று நிகழ்ந்தது: ஆடிக்ஸ் அணையின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு நீர் வெளியேறியது. உட்புறத்திலும் கீழ்ப்புறத்திலுமாக ஆயிரக்கணக்கான வீடுகள் நீரில் நின்றன. மக்கள் படகுகளில் ஏறி உயிர் பிழைத்தனர். மழை ஓய்ந்து வெயில் காய்ந்த பின்னும், திறந்த மதகுகளின் நீரால் பல தெருக்கள் நாட்கணக்கில் வடியாமல் கிடந்தன.

எனினும் அணைகள் உடையவில்லை. இதனை நாம் மறத்தலாகாது. அவை உடைந்திருப்பின், மெல்ல ஏறிய நீருக்கு மாறாக ஒரு நீர்ச்சுவரே நகரின்மேல் பாய்ந்திருக்கும். முன்னைய ஆண்டுகளில் செய்த பழுதுபார்ப்பும், அந்நாட்களில் கரைமீது இரவும் பகலும் நின்ற காவலும் வீண்போகவில்லை. புதிய மதகுகளின் வேலை 2020-ஆம் ஆண்டில் நிறைவேறியது.

வீடிழந்தோர் நீதிமன்றம் சென்றனர். உட்புறத்து வீடுகள் அணைநீரில் மூழ்கியதற்கு அரசே பொறுப்பு என்று 2019-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. 1940-களில் வாங்காது விட்ட நிலத்தின் விலை, எழுபது ஆண்டுகளுக்குப் பின் பன்மடங்காய்ப் பெருகி வந்து நின்றது!

நாம் அறியத்தக்கது

ஓர் அணை இரண்டு வகையில் முதுமை அடைகின்றது. அதன் மண் கரைவதும், குழாய் துருவேறுவதும், காங்கிரீட் வெடிப்பதும் ஒரு வகை. இவற்றைப் பொறியாளர் கருவிகொண்டு அளந்தறிவர். பணம் செலவிட்டுச் செப்பனிடுவர். அதனைச் சூழ்ந்த நிலத்தில் மக்கள் வந்து நிறைவது மற்றொரு வகை. இதனை எந்தக் கருவியும் காட்டாது. ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு தெருவாக அது வளர்கின்றது. தனித்தனியே நோக்கினால் எந்த வீடும் குற்றமுடையதாகத் தோன்றாது. எல்லாம் சேர்ந்த பின்னரே அபாயம் வெளிப்படுகின்றது. முதல்வகை முதுமைக்கு மருந்து பழுதுபார்த்தல். இரண்டாம் வகைக்கு மருந்து, வெள்ளம் தேங்குமிடத்தையும் பாயுமிடத்தையும் வெள்ளத்திற்கே விட்டுவைத்தல். முன்னரே குடியேறிவிட்டோர்க்கு உண்மையைப் பேரெழுத்தில் அறிவித்தல். அபாயம் நேருங்கால் எவ்வழியே எங்குச் செல்ல வேண்டும் என்று அவர்களைப் பழக்குதல்.

நம் நாட்டிலும் 2021-ஆம் ஆண்டில் அணைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பருவமழைக்கு முன்னும் பின்னும் அணைகளை ஆய்வு செய்தல், இடருக்கேற்ப அவற்றை வகைப்படுத்துதல், அவசர காலத்தில் செய்ய வேண்டுவனவற்றை முன்னரே வகுத்து வைத்தல் ஆகியவற்றை அச்சட்டம் வற்புறுத்துகின்றது. சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அணையின் நிழலில் வாழும் குடிமக்களும் அதனை அறிந்திருத்தல் வேண்டும்.

உங்கள் ஊர் ஏரியின் கரைமீது அடுத்த முறை நடந்து செல்லும்போது சற்றே நின்று நோக்குங்கள். கரையில் கசிவு உளதா என்று பாருங்கள். கலங்கலிலிருந்து நீர் வெளியேறும் வழி அடைபடாமல் இருக்கின்றதா என்று பாருங்கள். பின்னர்த் திரும்பி, ஏரியின் உட்புறத்தையும் பாருங்கள். அங்கே புதிதாக வீடுகள் எழுந்துள்ளனவா? கரையை மட்டும் காப்பது பாதிக் காவலே. கரையின் இருபுறத்து நிலத்தையும் காப்பதே முழுக் காவலாகும்.